போலீஸ் மீது புகார்: மதுரையில் யாரிடம், எந்த வரிசையில், எப்படிக் கொடுப்பது?

எஸ்.ஐ. அடித்தார் என்று எஸ்.பி. அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறீர்கள். மனுவின் மூலையில் ஒரு முத்திரை விழுகிறது, ஓர் எண் போடப்படுகிறது, "விசாரித்து அறிக்கை அனுப்பவும்" என்ற குறிப்போடு அது கீழே இறங்குகிறது. சில நாளில் உங்களுக்கு போன் வருகிறது. பேசுபவர் அதே ஸ்டேஷன் ஏட்டு. வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார். போய்ப் பார்த்தால், யார் மீது புகாரோ அவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். "சமாதானமாகப் போகிறேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். மனு முடிக்கப்பட்டது.

இந்தச் சுழலில் சிக்காமல் இருப்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. இதில் சொல்லப்படும் அத்தனை படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விதி: உங்கள் புகார் சீருடை போடாத ஒருவர் கைக்கும், அதே வாரத்தில், தேதியோடு போய்ச் சேர வேண்டும். அவர் மருத்துவராக இருக்கலாம், மாஜிஸ்திரேட்டாக, கோட்டாட்சியராக, மனித உரிமை ஆணையமாக இருக்கலாம். காவல்துறைக்குள் மட்டும் சுற்றும் புகார் பெரும்பாலும் காவல்துறைக்குள்ளேயே முடிந்துபோகிறது.

இதற்கென்றே ஓர் அமைப்பு இல்லையா?

இருக்கிறது. அதன் கதையைத் தெரிந்துகொண்டால்தான் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று புரியும்.

2006 செப்டம்பர் 22 அன்று, காவல்துறைச் சீர்திருத்தம் கேட்டுத் தொடரப்பட்ட பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் பிறப்பித்தது. அதில் ஒன்று, மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் காவல்துறைப் புகார் ஆணையம் அமைக்க வேண்டும் என்பது. டி.எஸ்.பி. வரையிலானவர்கள் மீதான புகாரை மாவட்ட ஆணையமும், எஸ்.பி.யும் அதற்கு மேலானவர்களும் செய்யும் கடுமையான அத்துமீறல்களை மாநில ஆணையமும் விசாரிக்க வேண்டும். மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. காவலில் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை ஆகியவற்றோடு மாவட்ட அளவில் மிரட்டிப் பணம் பறித்தல், நிலம் வீடு அபகரித்தல், அதிகார அத்துமீறல் ஆகிய புகார்களும் அதன் வரம்பில் வரும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்றும் நீதிமன்றம் சொன்னது.

தமிழ்நாடு 2013இல் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் ஏ.டி.ஜி.பி.யும். மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி என்ற பேச்சே இல்லை. எந்தப் படையின் மீது புகாரோ அந்தப் படையின் தலைவரே விசாரிக்கும் மேஜையில் இருக்கிறார். இதைச் சுதந்திரமான கண்காணிப்பு என்று என்னால் சொல்ல முடியாது. நீதிமன்றம் கேட்டதும் இது அல்ல.

ஆனாலும் அந்த ஆணையத்துக்கு மனு அனுப்புங்கள். தலைவர் ஆட்சியர், அவர் சீருடை அணிந்தவர் அல்லர். "மாவட்டக் காவல்துறைப் புகார் ஆணையத்தின் தலைவரான மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு" என்று முகவரியிலேயே எழுதுங்கள். வெறும் "ஆட்சியர்" என்று எழுதினால் அது ஆயிரம் மனுக்களில் ஒன்றாகக் காவல்துறைக்கே திருப்பி அனுப்பப்படும். அங்கே மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் எச்சரிக்கை.

முதல் படி: ஆளைக் கூட்டிப் போன நேரத்தில்

"விசாரணைக்கு" என்று ஒருவரைக் கூட்டிச் செல்லும்போது குடும்பம் கேட்க வேண்டியது மூன்று: எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு எண், கூட்டிப் போகும் அதிகாரியின் பெயர் என்ன. பதில் வராவிட்டாலும் கேட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி எண்ணையும் குறியுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவை, அதாவது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தை, கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தால் பேச்சில் நடுக்கம் இருக்காது. கைது தேவைப்படாத வழக்குகளில் 35(3) பிரிவின்படி எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும், 60 வயது தாண்டியவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயில் இருப்பவர்களையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது. 179ஆம் பிரிவு அவர்கள் வீட்டில் வைத்தே விசாரிக்கச் சொல்கிறது. கைது செய்தால் 36ஆம் பிரிவின்படி கைதுக் குறிப்பாணை தயாரித்து, குடும்பத்தினர் அல்லது அந்தப் பகுதிப் பெரியவர் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். 48ஆம் பிரிவின்படி உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு வேர் 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த 11 நெறிமுறைகள்.

ஆள் எங்கே என்று சொல்ல மறுத்தால் 112க்கு போன் செய்யுங்கள். எஸ்.பி. அல்லது மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் நாலே வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்னார், இத்தனை மணிக்கு, இந்த இடத்திலிருந்து, இந்த வண்டியில் கொண்டு செல்லப்பட்டார், இப்போது எங்கே என்று தெரியவில்லை. அந்தக் காலத்தில் இதற்குத் தந்தி கொடுப்பார்கள்; 2013 ஜூலையோடு தந்தி போய்விட்டது. மின்னஞ்சலில் பதியும் தேதியும் நேரமும் இப்போது அந்த வேலையைச் செய்கின்றன. பிற்பாடு "மறுநாள் காலை 6 மணிக்குத்தான் கைது செய்தோம்" என்று எழுதப்பட்டால், முந்தைய இரவு 10 மணி மின்னஞ்சல் அதை உடைத்துவிடும்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். மதுரை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மாவட்ட நீதிமன்றத்தைச் சார்ந்து இயங்குகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வழக்கறிஞர் கிடைப்பார். ஓர் இரவு கடந்தும் ஆள் தெரியவில்லை என்றால் ஒத்தக்கடை அருகே உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவே, அதாவது ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனுவே, வழி.

இரண்டாம் படி: மருத்துவமனை

இந்தப் படியைத் தவறவிட்டால் பிறகு எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது. வெளியே வந்ததும் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு மறுநாள் போகலாம் என்று நினைக்காதீர்கள். தனியார் கிளினிக்கில் வலி ஊசி போட்டுக்கொண்டு திரும்பவும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்கு. நகரில் என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனை. வெளியே என்றால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என அருகிலுள்ள அரசு மருத்துவமனை.

அவசரப் பிரிவில் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதில் ஒரு வரி உண்டு: காயம் எப்படி ஏற்பட்டதாக நோயாளி சொல்கிறார் என்பது. வழக்கின் உயிர் அந்த வரியில் இருக்கிறது. கூடவே போலீஸ்காரர் நின்றால், பயத்தில் "கீழே விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிடத் தோன்றும். குளியலறையில் வழுக்கி விழுந்து கை முறிந்ததாக எத்தனை செய்திகளை நாம் படித்திருக்கிறோம்! சொல்ல வேண்டியது இப்படி: "நேற்று இரவு சுமார் 9 மணிக்கு, இன்ன காவல் நிலையத்தில், பெயர் தெரிந்த ஒருவரும் பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய இருவரும், லத்தியால் பாதத்திலும் தொடையிலும் அடித்தார்கள்." மருத்துவர் "அடிதடி" என்று மட்டும் எழுதப் பார்த்தால், யார் அடித்தார்கள், எங்கே என்பதையும் எழுதும்படி பணிவாகக் கேளுங்கள். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; நகலைக் கேட்டு வாங்குங்கள்.

உடலில் வெளியே தெரியாத வலியையும் சொல்லுங்கள். பாதத்தில் அடித்தால் பல நேரம் தோல் கிழியாது. நடக்க முடியாமல்தான் போகும். காது அடைப்பு, சிறுநீரில் இரத்தம், விரல்களில் உணர்வு மரத்துப்போதல், எதுவும் சிறிதல்ல. காயங்களை முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் எனப் படம் எடுங்கள். கன்றிய தோல் நிறம் மாறுவதே காயத்தின் வயதைச் சொல்லும். இரத்தக் கறை பட்ட துணியைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம்.

ஆள் இன்னும் காவலில் இருந்தாலும் உரிமை உண்டு. பி.என்.எஸ்.எஸ். 53ஆம் பிரிவின்படி கைதானவரை அரசு மருத்துவர் பரிசோதித்து, காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும். அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ தரப்பட வேண்டும். இந்த நகலைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நீங்கள் கேளுங்கள்.

மூன்றாம் படி: ரிமாண்டுக்கு நிறுத்தும்போது

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் அந்தச் சில நிமிடங்கள் விலைமதிப்பில்லாதவை. "போலீசார் துன்புறுத்தினார்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்பது வழக்கம். வழியில் வேனில் வைத்து "வாயைத் திறந்தால் இன்னும் நாலு வழக்கு" என்று மிரட்டியிருப்பார்கள். அந்த மிரட்டலையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். காயத்தைக் காட்டுங்கள், பதிவு செய்யச் சொல்லுங்கள், மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கேளுங்கள். ரிமாண்டின்போது சொல்லாமல் மூன்று மாதம் கழித்துச் சொன்னால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி. உறவினர்களும் வழக்கறிஞரும் நீதிமன்றத்தில் இருந்தால் பேசும் தைரியம் தானாக வரும்.

நான்காம் படி: கேமரா பதிவு

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதைக்குப் பின் இறந்தபோது, விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டது என்ன? ஸ்டேஷன் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஹார்டு டிஸ்கில் போதிய இடம் இருந்தும் அன்றைய இரவின் பதிவு இல்லை. விசாரணைக்கே ஒத்துழைப்பு கிடைக்காத நிலையில், மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த்துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டது. ஒரு தாசில்தார் போய் காவல் நிலையத்தைப் பொறுப்பேற்கும் நாள் வரும் என்று அதுவரை யார் நினைத்தார்கள்? நீதிமன்றம் மனது வைத்தால் உள்ளூர் அளவிலேயே போலீசைக் கண்காணிக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் பதிவு செய்யும், ஒலியும் பதியும் கேமராக்களை வைக்கச் சொன்னது. லாக்கப், நுழைவாயில், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை என எதுவும் விடுபடக் கூடாது. பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கு வசதியில்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமரா ஓடுவதற்கு ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு.

அதே தீர்ப்பு மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு ஒன்றையும் அமைக்கச் சொன்னது. வருவாய்த்துறை உயர் அதிகாரி, ஆட்சியர், எஸ்.பி. ஆகியோருடன் மேயர் அல்லது மாவட்ட ஊராட்சித் தலைவரும் அதில் உறுப்பினர். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு ஸ்டேஷன் கேமராவைக் கேள்வி கேட்கும் இடத்தை உச்ச நீதிமன்றமே கொடுத்திருக்கிறது. மதுரையில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆகவே சம்பவம் நடந்த சில நாளுக்குள் தனியாக ஒரு கடிதம்: "இன்ன தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இன்ன நிலையத்தின் எல்லாக் கேமராக்களின் பதிவையும் அழியாமல் பாதுகாத்து வைக்க வேண்டுகிறேன்." இது இன்ஸ்பெக்டர், எஸ்.பி. அல்லது ஆணையர், ஆட்சியர், மேயர் எல்லோருக்கும் போக வேண்டும். பதிவை உடனே தரச் சொல்லாதீர்கள், பாதுகாக்கச் சொல்லுங்கள். வரவழைத்து வாங்கும் அதிகாரம் மனித உரிமை ஆணையத்துக்கும் மனித உரிமை நீதிமன்றத்துக்கும் உண்டு என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது.

ஸ்டேஷனுக்குள் மட்டும்தான் அடி விழும் என்று எண்ண வேண்டாம். 2025 ஜூனில் மதுரைக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணாமல் போன புகாரில் கோயில் காவலாளி ஒருவரைத் தனிப்படை விசாரித்தது. அவர் இறந்துபோனார். அவரை அடித்தது கோயிலுக்குப் பின்புறம். அங்கே ஸ்டேஷன் கேமரா ஏது? மறைந்திருந்து ஒரு கோயில் ஊழியர் செல்போனில் எடுத்த காட்சி மதுரைக் கிளையின் முன் வந்தது. மதுரை மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்க நியமித்தது நீதிமன்றம், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

செல்போன் காட்சி உங்களிடம் இருந்தால் அந்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். நகல் ஒன்று வழக்கறிஞரிடம். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். அக்கம்பக்கத்துக் கடை கேமராக்களில் பதிவு சில நாளே நிற்கும். கடைக்காரரிடம் அன்றைக்கே பேசுங்கள்.

ஐந்தாம் படி: மனு எழுதுவது

நமக்கு வந்து சேர்ந்த மனு மொழி ஒன்று இருக்கிறது: "கொடூரமாகவும் காட்டுமிராண்டித்தனமாகவும் மனிதாபிமானமற்ற முறையிலும் தாக்கி…" இதில் கோபம் இருக்கிறது, தகவல் இல்லை. விசாரிப்பவருக்கு உதவுவது பெயர், நேரம், இடம், சாட்சி. மாதிரிக்கு ஒரு பத்தி:

"12ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு 8.15 மணிக்கு என் வீட்டுக்கு மூன்று போலீசார் வந்தனர். ஒருவர் சீருடையில் இருந்தார்; இருவர் சாதாரண உடையில் இருந்தனர். நோட்டீஸ் எதுவும் தரவில்லை. என் மகனை வெள்ளை நிற வண்டியில் ஏற்றிச் சென்றனர். 8.50க்கு நானும் என் தம்பியும் காவல் நிலையம் சென்றோம். ரைட்டர் மேஜைக்குப் பின்னால் உள்ள அறையிலிருந்து என் மகன் அலறும் சத்தம் கேட்டது. 10.30க்கு எங்களை வெளியே போகச் சொன்னார்கள். மறுநாள் காலை 7 மணிக்கு மகனை விட்டபோது அவனால் செருப்புப் போட முடியவில்லை. 8.20க்கு அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். ஏ.ஆர். நகல் இணைத்துள்ளேன்."

இவ்வளவு போதும். கண்ணால் பார்த்ததையும் மகன் சொல்லிக் கேட்டதையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். பெயர் தெரியாதவரை உயரம், மீசை, மற்றவர்கள் அவரை எப்படி அழைத்தார்கள் என்பதைக் கொண்டு அடையாளம் சொல்லுங்கள். ஒரு விஷயத்தைக்கூட மிகைப்படுத்த வேண்டாம்; மூன்று அடியை முப்பது என்று எழுதினால் அந்த மூன்றும் பொய்யாகிவிடும். முடிவில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், சம்பந்தப்பட்டவர்களை விசாரணை முடியும்வரை அந்த நிலையத்திலிருந்து மாற்ற வேண்டும், கேமரா பதிவைப் பாதுகாக்க வேண்டும், அதே நிலையமோ அதே உட்கோட்டமோ இதை விசாரிக்கக் கூடாது.

ஆறாம் படி: யாருக்கெல்லாம்

மதுரையில் காவல் நிர்வாகம் இரண்டு. தல்லாகுளம், செல்லூர், தெற்குவாசல் போன்ற நகர நிலையங்கள் மாநகரக் காவல் ஆணையரின் கீழ். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர், வாடிப்பட்டி பக்கம் மாவட்ட எஸ்.பி. முகவரி மாறினால் மனு அலைந்து காலம் போகும். எஸ்.பி.க்கு மேல் மதுரை சரக டி.ஐ.ஜி.யும் தென் மண்டல ஐ.ஜி.யும் இருக்கிறார்கள். இவர்களுக்கு அனுப்புவது அவசியம்தான். பிற்பாடு மாஜிஸ்திரேட்டிடம் போக, எஸ்.பி. அல்லது ஆணையருக்கு அனுப்பியிருப்பது முன்நிபந்தனை.

சீருடைக்கு வெளியே முதலில் ஆட்சியர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்து கோட்டாட்சியர். மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என மாவட்டத்தில் நான்கு வருவாய்க் கோட்டங்கள். காவல்துறைக்கான நிலையான விதிகளில் ஒன்றான தமிழ்நாடு காவல் நிலை ஆணை 151, போலீசாரால் சித்திரவதை, கொடுங்காயம், மரணம் என்று குற்றச்சாட்டு எழுந்தால் வருவாய்த்துறை அதிகாரி விசாரிப்பதற்கு வழி செய்கிறது. 2023இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக் கைதிகளின் பல்லைப் பிடுங்கியதாகப் புகார் எழுந்தபோது முதலில் விசாரித்தவர் கோட்டாட்சியர் நிலையில் உள்ள சேரன்மகாதேவி சார் ஆட்சியர்தான். ஆகவே மனுவில் "காவல் நிலை ஆணை 151இன்படி விசாரிக்க வேண்டுகிறேன்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். இந்த ஆணையின் பெயரைக் கேட்டதும் அலுவலகத்தில் மனுவைப் பார்க்கும் பார்வையே மாறும்.

பிறகு மாநில மனித உரிமை ஆணையம். அலுவலகம் சென்னை கிரீன்வேஸ் சாலையில். ஆனால் மதுரையிலும் முகாம் அமர்வு நடத்துகிறது. கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் ஆணையம் விசாரிக்க முடியாது. இந்தக் கெடுவை மறக்காதீர்கள். ஆணையத்தின் பரிந்துரையை அரசு ஏற்றாலும் ஏற்கும், ஏற்காமலும் விடும் என்ற நிலை முன்பு இருந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுக் குற்றம் செய்த அதிகாரியின் சம்பளத்தில் அரசு வசூலிக்கவும் முடியும். காவல் நிலையத்தில் பலருக்கும் எரிச்சலூட்டும் செய்தி இதுதான்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி எனில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்குத் தண்டனை விதிக்கிறது. ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வுக் குழுவுக்கும் நகல் அனுப்புங்கள். லஞ்சம் எனில் லஞ்ச ஒழிப்புத்துறை. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் தெரிவித்துவிட்டால் கொடுத்தது குற்றமாகாது. சிறுவர் எனில் 1098, பெண்களுக்கு 181. தொடர்ந்து துணை நிற்க ஆள் வேண்டுமெனில், மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகம் 1995 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் என்றால், 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. பட்டுவாடாச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். ரசீதுகளை ஒரே கோப்பில் வையுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள்.

ஏழாம் படி: விசாரணைக்கு அழைத்தால்

அதே நிலையத்துக்கு அழைத்தால் போக மறுக்கலாம். ஆனால் வாயால் மறுக்காதீர்கள். "வேறு உட்கோட்ட அதிகாரி முன் வாக்குமூலம் தரத் தயாராக இருக்கிறேன்" என்று எழுதி அனுப்புங்கள். போகும்போது தனியாகப் போகாதீர்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. வெற்றுத்தாளில் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

சமாதானத் தூது கண்டிப்பாக வரும். பெரும்பாலும் போலீஸ் வாயிலாக வராது; ஊர்ப் பெரியவர், சொந்தக்காரர், கட்சிக்காரர் யாராவது வந்து, "அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது" என்பார். முடிவு உங்களுடையது. மனம் மாறினால்கூட, "புகாரில் சொன்னது உண்மையில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பொய்ப் புகார் கொடுத்தவர் என்று நாளை உங்கள் மீதே வழக்கு வர அது வழி திறக்கும்.

எதிர் வழக்கும் வரலாம். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்துத் தாக்கியதாக, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 132ஆம் பிரிவு இதற்கு வழக்கமான ஆயுதம். உங்கள் புகாரின் தேதி அந்த வழக்கின் தேதிக்கு முந்தியதாக இருந்தால் அதன் நோக்கம் வெளிச்சமாகிவிடும். முதல் நாளிலேயே மின்னஞ்சலும் ஏ.ஆரும் வேண்டும் என்று அடித்துச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். அச்சம் இருந்தால் பி.என்.எஸ்.எஸ். 482ஆம் பிரிவில் முன்ஜாமீன் கேட்க வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

எட்டாம் படி: நீதிமன்றம்

வழக்குப் பதிய மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். 173(4) பிரிவின்படி எஸ்.பி. அல்லது ஆணையருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 175(3)இன்படி மாஜிஸ்திரேட். பணி நிமித்தமாக நடந்ததாகச் சொல்லப்படும் செயல் எனில் 175(4) குறுக்கே வரும்: மேலதிகாரியின் அறிக்கையைப் பெற்று, சம்பந்தப்பட்ட அதிகாரியின் விளக்கத்தையும் பரிசீலித்த பிறகே மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிடுவார். காலதாமதம் இங்கேதான் நுழைகிறது. வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 120ஆம் பிரிவின் கீழ் ஏழாண்டு வரை, கொடுங்காயம் எனில் பத்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். வழக்குத் தொடர அரசு அனுமதி தேவைப்படும் இடத்தில், 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கருதப்படும் என்று பி.என்.எஸ்.எஸ். 218ஆம் பிரிவு சொல்கிறது. இது புதிய சட்டம் தந்த நல்ல மாற்றம்.

காவலில் மரணம் நேர்ந்தால் வழி வேறு. பி.என்.எஸ்.எஸ். 196ஆம் பிரிவின்படி நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரித்தே ஆக வேண்டும். உறவினர்களுக்குத் தகவல் சொல்லி, இயன்றவரை விசாரணையில் உடனிருக்க விட வேண்டும். பிரேதப் பரிசோதனைக்கு முன் உடலைப் பார்க்க குடும்பத்துக்கு வழிவிட வேண்டும் என்று 2020இல் மதுரைக் கிளை நெறிமுறை வகுத்தது. உயர் நீதிமன்றத்தை அணுகப் போகிறோம் என்று குடும்பம் சொன்னால் உடலைக் குறைந்தது 48 மணி நேரம் பாதுகாக்கவும் அதில் வழி உண்டு. "சீக்கிரம் வாங்கிக்கொண்டு போங்கள்" என்ற நெருக்கடிக்கு இணங்காதீர்கள். அடக்கம் செய்துவிட்டால் மறுபரிசோதனை பெரும்பாடு.

உங்கள் வழக்கு இல்லாதபோதும்

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு யாரும் எழுதலாம். மாவட்டக் காவல்துறைப் புகார் ஆணையம் கடந்த ஆண்டு எத்தனை முறை கூடியது? எத்தனை மனு வந்தது? எத்தனையில் நடவடிக்கை எடுத்தது? காவல் நிலையக் கேமராக் கண்காணிப்புக் குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல் தருக. ஓடாத கேமராக்கள் எந்தெந்த நிலையத்தில், எந்தத் தேதி முதல்? 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

வந்த பதிலை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கிராமத்தில் என்றால் அடுத்த கிராம சபையில் படித்துக் காட்டித் தீர்மானம் கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரில் என்றால் நூறு வார்டுகளில் உங்கள் வார்டு உறுப்பினர் யாரோ அவரிடம் கொடுத்து, மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுப்பச் சொல்லுங்கள்: காவல் நிலையக் கேமராக்களைக் கண்காணிக்கும் குழுவில் மேயருக்கு இடம் இருக்கிறதே, அந்தக் கூட்டத்துக்கு அவர் கடைசியாகப் போனது எந்தத் தேதியில்?